கூடவே நின்று பார்த்தவர் எழுதும் கடிதம் ஏன் கணக்கில் சேராது?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சேர்க்கைக் குழுக்களில் இருக்கும் தமிழ் மருத்துவர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலரைக் கோயிலிலும் பொங்கல் விழாவிலும் பார்த்திருக்கிறேன், பேசியும் இருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தை நேரில் சொல்ல வாய் வரவில்லை. மகளுக்காக சிபாரிசு கேட்கிறாள் என்று நினைத்துவிடுவீர்களோ என்ற தயக்கம்தான் காரணம். சீட் கேட்டு இதை எழுதவில்லை. பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்க வேண்டும் என்று நீங்கள் வைத்திருக்கும் விதியை மாற்றச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

போன வாரம் என் மகள் மறுபடியும் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போன வருடம் கடிதம் எழுதித் தந்த அதே பேராசிரியருக்கு இன்னொரு மின்னஞ்சல். நான்கு வரிதான், அதை எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. போன சுற்றில் இடம் கிடைக்கவில்லை, காத்திருப்புப் பட்டியலோடு நின்றுவிட்டது. மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் ஆம்காஸ் இணையதளத்தில் ஒரு வருடம் வந்த கடிதம் அடுத்த வருட விண்ணப்பத்துக்குத் தானாக வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எல்லோரிடமும் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். அவள் தட்டித் தட்டி அழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

போன வருடம் யாரிடம் கேட்பது என்று முடிவு செய்ய அவள் ஒரு தாள் எடுத்து நடுவில் கோடு போட்டாள். இடது பக்கம் 'என்னைத் தெரிந்தவர்கள்'. வலது பக்கம் 'கணக்கில் சேருகிறவர்கள்'. இடது பக்கத்தில் ஏழு பேர் வந்தார்கள். வலது பக்கத்தில் மூன்று பேராசிரியர்கள். இரண்டு பக்கத்திலும் இருந்த பெயர் ஒன்றே ஒன்று, அவளுடைய லேப் வகுப்பை நடத்தியவர். அவரும் அந்த வருடம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார், நல்லவேளை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது, எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அவள் விண்ணப்பித்த கல்லூரிகளில் பாதிக்கு மேல் கேட்டது இதுதான்: அறிவியல் பாடம் நடத்திய பேராசிரியர்கள் இருவர், அறிவியல் அல்லாத பாடம் நடத்தியவர் ஒருவர். மருத்துவத்துக்கு முன் அவள் பட்டப்படிப்பு படித்தது பெரிய அரசுப் பல்கலைக்கழகம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பில் முந்நூறு பேருக்கு மேல். பேராசிரியர் மைக்கில் பேசுவார், பிள்ளைகள் படிக்கட்டு வரை உட்கார்ந்திருப்பார்கள். அவரைத் தனியாகப் பார்க்கும் நேரம் வெள்ளிக்கிழமை மாலை. அந்த நேரத்தில் இவள் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

அந்த வேலையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் மடலே அதைப் பற்றித்தான். மூன்று வருடம் வார இறுதி இரவுகளில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்சிங் அசிஸ்டெண்ட்டாக இருந்தாள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது. அங்கே ஞாபக மறதி முற்றிய ஒரு பாட்டி, குளியலறைக்குக் கூட்டிப் போனாலே அடிப்பார், கடிப்பார். இரண்டு பேர் பிடித்துத்தான் குளிப்பாட்டுவார்கள். நாலைந்து வாரம் பார்த்துவிட்டு இவளுக்கு ஒன்று பிடிபட்டது. பாட்டிக்குப் பயம் தண்ணீர் மேலே இல்லை, குழாய் சத்தத்தின் மேலே. அப்புறம் முன்கூட்டியே தண்ணீர் பிடித்து, குழாயை மூடி, துண்டைச் சூடாக்கி வைத்துவிட்டுத்தான் கூட்டிப் போவாளாம். அடி நின்றுவிட்டது. தலைமை நர்ஸ் அதைப் பார்த்து மற்ற ஷிஃப்ட் ஆட்களுக்கும் அப்படியே செய்யச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தத் தலைமை நர்ஸிடம் கடிதம் கேட்டபோது இரண்டே நாளில் எழுதி ஏற்றிவிட்டார். ஃபிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர், முப்பது வருட அனுபவம். எத்தனையோ டாக்டர்களை அவர் பயிற்சிக் காலத்திலிருந்தே பார்த்திருக்கிறார். யார் நல்ல டாக்டராக வருவார் என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் அவருடைய கடிதம் 'கூடுதல் கடிதம்'. சில இடங்களில் வாங்கிக்கொள்கிறார்கள், கட்டாயக் கடிதங்களின் எண்ணிக்கையில் மட்டும் சேராது. அவர் பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும், பேராசிரியரின் ஒரு பக்கம் வரும் வரை விண்ணப்பம் முழுமை ஆகாது.

அந்த ஒரு பக்கம் எப்போது வந்தது தெரியுமா? மார்ச்சில் சரி என்றார். ஜூன் முதல் வாரத்தில் இவள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். ஜூலையில் கல்லூரிகள் கேட்ட அடுத்த கட்டக் கட்டுரைகளையெல்லாம் ராத்திரி ராத்திரியாக எழுதி முடித்தாள். கடிதம் மட்டும் வரவில்லை. ஆறு நினைவூட்டல் மின்னஞ்சல், ஒவ்வொன்றிலும் 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்'. ஆகஸ்டில் ஒரு பதில் வந்தது: உன்னைப் பற்றி நீயே ஒரு பக்கம் எழுதி அனுப்பு, நான் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறேன். எழுதி அனுப்பினாள். செப்டம்பர் மூன்றாவது வாரம் கடிதம் ஏறியது. விண்ணப்பம் முழுமையாக வர வர அந்த வரிசையில் நேர்காணலுக்குக் கூப்பிடும் முறையில் செப்டம்பர் என்பது எவ்வளவு தாமதம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று அவள் முன்பே ஒப்புதல் கொடுத்திருந்தாள். கல்விப் பதிவுகள் பற்றிய 1974ஆம் வருடச் சட்டம் மாணவர்களுக்குக் கொடுத்த உரிமை அது. விட்டுக்கொடுப்பது கட்டாயம் இல்லைதான், ஆனால் விட்டுக்கொடுக்காத பிள்ளையின் கடிதத்தை யார் நம்புவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்துவதால் எல்லோரும் விட்டுக்கொடுக்கிறார்கள். ஒளிவுமறைவில்லாத மதிப்பீடு வேண்டும் என்பதற்காகத்தானே இந்த ரகசியம்? கடைசியில் அவளே எழுதிய வார்த்தைகளை இன்னொருவர் கையெழுத்தில் நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

அந்தப் பேராசிரியரை நான் குறை சொல்லவில்லை. ஒரே வருடத்தில் எத்தனை பிள்ளைகள் அவரிடம் கேட்டிருப்பார்கள்! முகம் தெரியாத பிள்ளையைப் பற்றி மனிதர் என்னதான் எழுதுவார்? ஏ மைனஸ் வாங்கினாள், ஒழுங்காக வந்தாள். அதுதான் ஏற்கெனவே மதிப்பெண் பட்டியலில் இருக்கிறதே.

உங்கள் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமே கடிதம் எழுதுபவர்களுக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. மாணவரை எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும் என்று எழுதச் சொல்கிறது. நேரில் பார்த்ததை வைத்துச் சொல்கிறீர்களா என்று குறிப்பிடச் சொல்கிறது. நீளத்தைவிடத் தரம் முக்கியம் என்கிறது. அதைப் படித்தபோது, இது அந்தத் தலைமை நர்ஸுக்காகவே எழுதியது போல இருக்கிறதே என்று நினைத்தேன். எதைக் கேட்கிறீர்களோ அதைத் தரக்கூடியவர் அவர்தான். அவரைத்தான் நீங்கள் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

நான் பன்னிரண்டாவது முடித்தபோது, மார்க் ஷீட் நகலிலும் நன்னடத்தைச் சான்றிலும் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்க அப்பாவோடு காலையிலேயே போய் ஒரு அதிகாரி வீட்டு வாசலில் நின்றேன். என்னை அதற்கு முன் பார்த்தே இராத ஒருவர், என் நடத்தை நல்லது என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். நம் ஊரிலேயே இப்போது பல இடங்களில் சுய சான்றொப்பம் போதும் என்று வந்துவிட்டது. பதவி பெரிது என்பதற்காக, பார்க்காத ஒன்றுக்கு ஒருவர் சாட்சி சொல்வது எவ்வளவு வெறுமையானது என்று உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். நீங்களும் அந்த வாசலில் நின்றவர்கள்தானே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாரமாக இல்லை. ஒரு வகுப்பில் இருபது பேர் உட்காரும் தனியார் கல்லூரியில் பேராசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், ஊர் தெரியும். சில பட்டப்படிப்புக் கல்லூரிகளில் கடிதம் எழுதித் தருவதற்கென்றே குழு இருக்கிறது, எல்லாக் கடிதங்களையும் சேர்த்து ஒரே உறையில் அனுப்பிவிடுவார்கள். அப்படிக் குழு இருக்கும் சில இடங்களிலும் ஜி.பி.ஏ. என்கிற சராசரி மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு எழுத மாட்டோம் என்று சொல்லி, விண்ணப்பிக்கும் முன்பே கதவைச் சாத்திவிடுகிறார்கள். வேலைக்குப் போகாத பிள்ளைக்குப் பேராசிரியரின் அறை வாசலில் காத்திருக்க நேரம் இருக்கிறது. நாங்கள் அண்ணன் ஸ்பான்சர் செய்து வந்தவர்கள். இவள் அப்பாவுக்குக் கிடங்கில் வேலை, எனக்குப் பள்ளிக்கூட கேன்டீனில். இவள் சம்பளம் வந்தால்தான் புத்தகம். வருடத்துக்கு 50,000-க்கு மேற்பட்டோர் சுமார் 23,000 இடங்களுக்கு மோதும்போது யாராவது வெளியே நிற்கத்தான் வேண்டும், அது புரிகிறது. ஆனால் நோயாளியோடு இருந்த நேரமே ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தும் காரணமாகக் கூடாது.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். அறிவியல் பேராசிரியர் கடிதம் இரண்டு என்பதை ஒன்றாக்குங்கள். மற்றொன்றை, மாணவரின் வேலையை நேரில் மேற்பார்வை பார்த்த எவரும் எழுதலாம் என்று வையுங்கள். நர்ஸ், சமூக சேவகர், ஆம்புலன்ஸ் குழுத் தலைவர், யாராக இருந்தாலும். அந்தக் கடிதத்தைக் 'கூடுதல்' என்று ஒதுக்காமல் எண்ணிக்கையில் சேருங்கள். படிப்பை விட்டுச் சில வருடம் ஆனவர்களுக்குப் பல கல்லூரிகள் இந்தச் சலுகையை இப்போதே தருகின்றன. யார் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தாத கல்லூரிகளும் உண்டு. அதனால் முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. பேராசிரியர் கடிதம் தாமதமானால், வந்திருக்கும் மற்றக் கடிதங்களை வைத்தாவது விண்ணப்பத்தைப் படிக்கத் தொடங்குங்கள். அந்தத் தாமதம் பிள்ளையின் கையில் இல்லை.

குழுவில் உங்களுக்கு இருப்பது ஒரு குரல்தான், விதியை நீங்கள் மட்டும் மாற்றிவிட முடியாது என்று தெரியும். அந்த ஒரு குரலைத்தான் கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் இதை ஒருமுறை எடுத்துப் பேசுங்கள். கூடவே நின்று பார்த்தவரின் கடிதத்தையும் எண்ணிக்கையில் சேருங்கள் என்று சொல்லுங்கள், தயவுசெய்து. என் மகளின் இந்த வருட விண்ணப்பத்துக்குள் எதுவும் மாறாது. அவளுக்குப் பின்னால் வருகிற, இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு காலையில் வகுப்புக்கு ஓடுகிற பிள்ளைகளுக்காவது ஆகட்டும்.

தலைமை நர்ஸ் இந்த வருடமும் எழுதுகிறேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். பேராசிரியரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

மரியாதையுடன்,
ஒரு அம்மா
நியூ ஜெர்சி