ஓடி முடித்த பிறகு ஏன் அளந்தீர்கள்?

மாவட்டத் தடகளச் சங்கத்தின் தலைவர், செயலாளர், நடுவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் 3000 மீட்டரில் நடந்ததை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். மூன்றாவதாக வந்த என் மாணவனைச் சான்றிதழ் மேசைக்குப் போகும் வழியில் நிறுத்தி, ஷூவைக் கழற்றச் சொன்னீர்கள். யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். அளப்பதற்குச் சங்கத்திடம் கருவி எதுவும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒரு சிறுமியின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேல் வந்தது. அதைச் சோலின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, பட்டியலில் அவன் பெயரைச் சிவப்புப் பேனாவால் அடித்தீர்கள்.

தீர்ப்பை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. ஓடுதளத்தில் சோல் 20 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது உலகத் தடகள அமைப்பின் விதி. 2024 அக்டோபர் 31 வரை 800 மீட்டருக்கும் அதற்கு மேற்பட்ட ஓட்டங்களுக்கும் 25 வரை விட்டிருந்தார்கள். இப்போது ஓடுதளத்தின் எல்லா ஓட்டங்களுக்கும் 20தான். சாலை ஓட்டத்துக்கு 40. என் மாணவன் அணிந்திருந்தது சாலையில் ஓடும் ஷூ. எந்த ஸ்கேலை வைத்தாலும் அது தேறாது. அதே ஷூவோடு மைதானத்துக்கு வெளியே தார்ச்சாலையில் ஓடியிருந்தால் செல்லும், உள்ளே செல்லாது. விதி விதிதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: அவன் ஓடுவதற்கு முன்பே அளந்திருக்கலாம் அல்லவா?

ஓட்டத்துக்கு முன் இருபத்தைந்து நிமிடம் அவனை வரிசையில் நிற்க வைத்திருந்தீர்கள். நெஞ்சு எண் சரியாகக் குத்தியிருக்கிறதா என்று பார்த்தீர்கள். பிறப்புச் சான்றிதழின் நகலை இரண்டு முறை வாங்கிப் பார்த்தீர்கள். குனிந்து காலைப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் நேரம் இல்லை. அப்போதே சொல்லியிருந்தால் பள்ளியில் கொடுத்த கேன்வாஸ் ஷூவில் ஓடியிருப்பான். அது பையிலேயே இருந்தது. மூன்றாவதாக வராமல் ஆறாவதாக வந்திருக்கலாம். ஆறாவது இடத்தில் அவமானம் எதுவும் இல்லை.

அந்த ஷூ எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மாரத்தான் ஓடும் ஒருவர், சில நூறு கிலோமீட்டர் ஓடித் தேய்த்த பிறகு எங்கள் பள்ளிக்குக் கொடுத்தது. புதிதாக வாங்கினால் 20,000 ரூபாய்க்கு மேல். பையனின் காலுக்கு ஒரு அளவு பெரியது என்பதால் முன்பக்கம் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தான். நீங்கள் கழற்றச் சொன்னபோது வியர்வையில் ஊறிய அந்தக் காகிதம் உருண்டையாகக் கீழே விழுந்தது. நடுவர் அதை இரண்டு விரலால் தூக்கி, "இது என்ன, இதுவும் ஏதாவது டெக்னிக்கா?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மதியம் ஒன்றரை மணி. செயற்கை ஓடுதளம் அடுப்புக்கல் போலக் கொதித்துக்கொண்டிருந்தது. நீங்கள் ஆலோசித்து முடிக்கும்வரை அந்தப் பிள்ளை வெறுங்காலோடு, ஒரு காலை மற்றொரு காலின் மேல் வைத்து மாற்றி மாற்றி நின்றான். நிழலுக்குப் போ என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான், நான் வாக்குவாதத்தில் இருந்தேன். அதை நினைத்துத்தான் இரண்டு இரவு தூக்கமில்லை.

பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தீர்கள்: "உள்ளே ஸ்பிரிங் வைத்த ஷூ அணிந்து ஓடியதால் தகுதி நீக்கம்." ஐயா, அதில் ஸ்பிரிங் இல்லை. கார்பன் இழைத் தகடு ஒன்று இருக்கிறது. விதி ஒரு தகட்டை அனுமதிக்கிறது. அது பிள்ளைகளைத் தூக்கி எறிவதில்லை. காலை ஊன்றித் தள்ளும்போது விரல்களின் அடிமூட்டு மடங்குவதைக் குறைக்கிறது, சோலில் இருக்கும் கொழகொழவென்ற நுரைக்கு ஒரு முதுகெலும்பாக இருக்கிறது. வேலையில் பெரும்பங்கு நுரையுடையது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பதினெட்டு ஓட்டக்காரர்களை வைத்து நடந்த ஆய்வில், இந்த வகை ஷூவின் முன்மாதிரி, அமுக்கும்போது வாங்கிய ஆற்றலில் 87 விழுக்காட்டைத் திருப்பித் தந்தது. ஒப்பிட்ட பழைய பந்தய ஷூக்களில் ஒன்று தந்தது சுமார் 66. ஓட்டத்துக்கான ஆற்றல் செலவு சராசரியாக 4 விழுக்காடு குறைந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஷூவைச் செய்த நைக்கி நிறுவனமே என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பிறகு வேறோர் ஆய்வில் தகட்டைக் குறுக்கே அறுத்துவிட்டு ஓட விட்டுப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அதனால்தான் விதி சோலின் தடிமனைக் குறி வைக்கிறது. நுரை கூடினால் உதவியும் கூடும் என்பது கணக்கு. என் மாணவனுக்கு அந்த ஷூ உதவவில்லை என்று நான் வாதாட மாட்டேன். நான்காவதாக வந்த பிள்ளைக்கு வெண்கலம் போனதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் முதல் இருவரின் ஷூவை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேட்டதற்கு, "அவர்கள் மேல் புகார் வரவில்லை" என்றீர்கள். புகார் வந்தால்தான் மில்லிமீட்டர் பிறக்கும் போலிருக்கிறது.

இன்னொன்று. சோலைப் பக்கவாட்டில் அளப்பது அளவே அல்ல. நுரை ஓரங்களில் கிண்ணம் போல மேலேறி நிற்கும். குதிகாலின் நடுவிலும் முன்பாதத்தின் நடுவிலும், உள்ளே போடும் மெத்தையையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். என் மாணவன் விஷயத்தில் இது தேவைப்படவில்லை. நாளை ஒரு பிள்ளையின் ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓடுதள ஷூ) 19ஆ 21ஆ என்று வரும்போது எந்தச் சிறுமியின் ஸ்கேலைத் தேடுவீர்கள்?

2021இல் வியன்னா மாரத்தானில் முதலில் வந்தவரையே ஓடி முடித்த பிறகுதானே நீக்கினார்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னார். உண்மை. அவர் சோல் 5 சென்டிமீட்டர், அனுமதி 4. ஆனால் அவர் தொழில்முறை ஓட்டக்காரர். போட்டிக்கு முன் ஷூ விவரத்தை அவரிடம் கேட்டுப் பதிவு செய்திருந்தார்கள்; அவர் ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றை அணிந்து வந்தார். எங்களிடம் யார் கேட்டார்கள்? உங்கள் சுற்றறிக்கை நான்கு பக்கம். சிறப்பு விருந்தினர்களின் பெயர்களுக்கே ஒன்றரைப் பக்கம். ஷூ என்ற சொல் அதில் இல்லை. அந்த விருந்தினர்கள் வரும்வரை காத்திருந்ததால்தானே காலை எட்டரைக்கு நடக்க வேண்டிய ஓட்டம் உச்சி வெயிலுக்குப் போனது? ஏழரைச் சுற்று ஓட்டம் என்பதால் ஏழரையையே கூட்டி வந்துவிட்டீர்கள். குடிதண்ணீர் பதினோரு மணிக்கே தீர்ந்தது. பொன்னாடை மட்டும் கடைசிவரை தீரவில்லை.

மன்னிக்க வேண்டும், எங்கோ போய்விட்டேன். கோபத்தைக் கொட்ட இதை எழுத உட்காரவில்லை. பணிவாகக் கேட்டுக்கொள்வது இதுதான்: ஓடுவதற்கு முன் அளந்துவிடுங்கள். வரிசையில் நிற்கும்போதே, எல்லோருடையதையும், புகார் வந்தாலும் வராவிட்டாலும். சுற்றறிக்கையில் "ஓடுதளத்தில் சோல் 20 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது" என்று தமிழில் ஒரு வரி சேருங்கள். விதி ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் பெற்றோரால் அதைத் தேடிப் படிக்க இயலாது. அளவுகோல் வாங்கப் பணம் இல்லை என்றால் சொல்லுங்கள், நாங்கள் நான்கு உடற்கல்வி ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கித் தருகிறோம்.

அந்தப் பிள்ளை மோசடி செய்யவில்லை என்பதை, அறிவித்த அதே ஒலிபெருக்கியில் சொல்ல முடியாது, கூட்டம் கலைந்துவிட்டது. இரண்டு வரியில் ஒரு கடிதமாகப் பள்ளிக்கு அனுப்பினால் போதும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் வாசித்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதப் போட்டிக்கும் அவன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். கேன்வாஸ் ஷூவில் ஓடுவான். அதையும் முதலிலேயே அளந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்