வாய்தாவுக்குத் திரை இருக்கிறது, வைத்தியத்துக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரிமாண்டில் இருக்கும் ஒருவரின் காவலை நீட்டிக்க இப்போது ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரை வேனில் ஏற்றிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை. முதல் தடவை நேரில் நிறுத்திவிட்டால் போதும், அதன்பிறகு சிறையிலிருந்தே காணொலியில் ஆஜர்படுத்தலாம் என்று 2009-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே ஆளுக்கு ராத்திரி மூச்சு வாங்கினால் என்ன செய்வது? வழிக்காவலுக்கு போலீஸ் கேட்க வேண்டும், வண்டி வர வேண்டும், கூடலூர் பக்கம் என்றால் நடுவட்டம் ஏறி ஐம்பது கிலோமீட்டர் போய் ஊட்டி சேர வேண்டும், அதுவும் ஆடி மழையில் வழியில் மரம் விழாமல் இருந்தால். நீதிபதி தெரிகிற திரையில் ஒரு டாக்டர் தெரியக் கூடாதா என்பதுதான் என் கேள்வி.

நான் இந்த நீலகிரி மலையில் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். சிறையிலிருந்து கூட்டி வருகிறவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன், உள்ளே போகிறவருக்கு முதல் ஆபத்து பெரும்பாலும் புது நோய் இல்லை, தின்றுகொண்டிருந்த மாத்திரை நின்றுபோவது. வலிப்பு மாத்திரை, சுகர் மாத்திரை, டிபி மருந்து, எல்லாம் வீட்டு அலமாரியில் இருக்கும், ஆள் உள்ளே இருப்பார், என்ன மாத்திரை என்று கேட்டால் "வெள்ளையா சின்னதா இருக்கும்" என்பார். பழைய சீட்டு கம்ப்யூட்டரில் இருந்து, ஒரு டாக்டர் பத்து நிமிடம் காணொலியில் பேசினாலே இதில் பாதி தீர்ந்துவிடும்.

குடிப்பழக்கம் அடுத்தது. தினமும் குடித்தவரைத் திடீரென்று பூட்டினால் முதல் நாளே கை நடுங்க ஆரம்பிக்கும், வலிப்பும் வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் தடுமாறி இல்லாததைப் பார்க்கத் தொடங்குவார். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். இதைத் திரையிலேயே முடித்துவிட முடியாது. மத்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளின் பொது விதிப்படி போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைவில் இருந்து எழுதக் கூடாது, இந்த நடுக்கத்துக்குக் கொடுக்கும் டயசெபாம் அந்தப் பட்டியலில் வருவது. ஆனால் "இவரை இப்போதே ஜி.எச். கொண்டுபோங்கள்" என்று ஒரு டாக்டர் வாயால் வந்தால் வழிக்காவல் சீக்கிரம் கிடைக்கும், வார்டர் சொன்னால் கிடைக்காது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

நம் மாவட்டத்துக்கென்றே இன்னொன்று உண்டு. பணியர், இருளர், குரும்பர் ஆதிவாசி மக்களிடையே அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பது இங்கே சுகாதாரத் துறையில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். குளிரும் தண்ணீர் குடிக்காததும் அந்த நோயின் வலியைக் கிளப்பிவிடும், எலும்புக்குள் குத்துகிற வலி. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதனால் நடிக்கிறான் என்று விட்டுவிடுவார்கள். உள்ளே வருகிற ஆதிவாசி ஒருவருக்கு இந்த நோய் உண்டா என்று முதல் நாளே கேட்டு எழுதி வைக்க டாக்டர் கூட வேண்டாம், கேட்கத் தெரிந்த ஒரு செவிலியர் போதும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் 2003-ல் ஒரு திட்டம் தொடங்கினார். ஹெபடைட்டிஸ் சி நோயாளியை மணிக்கணக்கில் பயணம் செய்ய வைக்காமல், கிராமத்திலும் சிறையிலும் இருக்கும் சாதாரண மருத்துவர்களுக்குக் காணொலி வழியாகவே அந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தார். 2011-ல் முடிவு வெளியானது. 16 கிராமப்புற மருத்துவமனைகள், 5 சிறைகள். பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம் பேர் குணமானார்கள் என்றால் இவற்றில் 58.2 சதவீதம். சரி, அது பணக்கார நாடு என்பீர்கள். நம்மிடமும் இ-சஞ்சீவனி என்ற மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவை 2019-லிருந்து ஓடுகிறது, ஊட்டியில் 700 படுக்கையுடன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது, மனநல ஆலோசனைக்கு 14416 என்று இலவச எண் இருக்கிறது. சிறைக்குள் ஒரு கேமராவும் இருக்கிறது.

கேமராவை மட்டும் நீட்டினால் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் பிரஷர் பார்க்க, சுகர் பார்க்க, வயிற்றைத் தொட்டு எங்கே வலிக்கிறது என்று சொல்ல ஒரு செவிலியர் வேண்டும். வார்டர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கட்டும், காதுக்கு எட்டுகிற தூரத்தில் வேண்டாம், அடி வாங்கிய காயத்தை அடித்தவர் பக்கத்தில் நிற்கும்போது யார் சொல்வார்கள்? சுகாதாரப் பணியாளர் தொடங்கி வைக்கிற தொலை ஆலோசனைக்கு நோயாளியின் சம்மதத்தை வெளிப்படையாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று அதே 2020 நெறிமுறைகள் சொல்கின்றன, கைதிக்கு மட்டும் அதில் விலக்கு இல்லை.

எனக்கு உள்ளூர ஒரு பயமும் உண்டு. திரை வந்துவிட்டால், "அதான் டாக்டர் பார்த்துவிட்டாரே" என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதையே குறைத்துவிடுவார்கள். அதனால் டாக்டர் நேரில் அனுப்பச் சொன்ன நேரத்தையும், ஆள் ஆஸ்பத்திரி வாசலை அடைந்த நேரத்தையும் ஒரே ஏட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். ஜாமீனில் போனாலும் கோவை மத்திய சிறைக்கு மாற்றினாலும் மருந்துச் சீட்டின் நகல் கூடவே போக வேண்டும், கையில் பதினைந்து நாள் மாத்திரையோடு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவினர் சிறையைப் பார்வையிடப் போகும்போது சமையலறையையும் குளியலறையையும் பார்த்துவிட்டு, அப்புறம் அந்த ஏட்டையும் ஒரு தடவை கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கோத்தகிரி.