என் பங்குக்கும் விழித்திருந்தவர்

பாளையங்கோட்டை,
டிசம்பர் 27, 2025

அன்புள்ள அனைவருக்கும்,

வீட்டுக்கு வந்துவிட்டோம். 23ஆம் தேதி மாலை ஆட்டோவிலிருந்து இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு மனைவி தானாகவே படியேறினாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் குணமும் உங்களுக்குத் தெரியும். ரயில்வே கேட் மூடியிருந்தால் பஸ்ஸைவிட்டு இறங்கி நடக்கிறவன் நான். பூசையில் சாமியாரின் மறையுரை இருபது நிமிடத்தைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவன். அப்படிப்பட்டவன் நவம்பர் 30, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்தேன். அன்றைய நற்செய்தி, 'விழிப்பாயிருங்கள்' என்பது. தாம் வரும் வேளையை நாம் அறியாததால் விழித்திருக்கச் சொல்கிறார் ஆண்டவர். நானும் விழித்திருந்தேன். மூன்று இரவுகள் ஒரு பொட்டுத் தூக்கமில்லை. அதைப் பக்தி என்று சொன்னால் பொய். வெறும் பயம். எந்த நேரமும் அந்தக் கதவு திறக்கும், செவிலியர் ஒருவர் தலையை நீட்டி ஒரு பெயரைச் சொல்லி, "அட்டெண்டர் யார்?" என்பார். அந்தப் பெயர் அவளுடையதாக இருந்து, நான் தூங்கிப்போயிருந்தால்?

நான்காம் இரவு பக்கத்தில் பாய் விரித்திருந்த பெரியவர் கேட்டார்: "தம்பி, வீட்டம்மா பேர் என்ன?"

சொன்னேன். கோயில் பதிவேட்டில் இருக்கிற நீளமான ஞானப்பெயர். அவர் வாயில் நுழையவில்லை. நாலைந்து முறை முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு, "சரி, காதில் விழுந்தால் தெரிந்துவிடும். நீங்கள் படுங்கள். கூப்பிட்டால் எழுப்புகிறேன்" என்று பாயின் பாதியை ஒதுக்கித் தந்தார். அவருடைய மனைவியும் அதே கதவுக்குள்தான் இருந்தார்.

தயங்கினேன். அவர் திருவைகுண்டம் பக்கத்து விவசாயி. முறைத்தண்ணீர் வரும் இரவுகளில் ஒருவர் வயலுக்கு இன்னொருவர் விழித்திருப்பது அவர்கள் ஊரில் பழக்கமாம். தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி முடித்தவர், வரப்பில் படுத்திருக்கிறவரை எழுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். "எல்லோரும் முழித்திருந்தால் விடிந்த பிறகு வேலை பார்ப்பது யார்?" என்றார். படுத்தேன். அந்தக் கோரைப்பாயின் ஓரம் பிரிந்து கன்னத்தில் குத்தியது இன்னும் நினைவிருக்கிறது. அப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று!

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அதிகாலை மூன்று மணி இருக்கும். என் கால் பெருவிரலைப் பிடித்து யாரோ அசைத்தார்கள். "உங்கள் பேர்தான். மருந்துதான் வாங்க வேண்டுமாம், பயப்பட ஒன்றுமில்லை" என்றார். 'பயப்பட ஒன்றுமில்லை' என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டு எழுப்பினார் பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஒன்பதாம் நாள் அவருடைய மனைவியை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இருட்டத் தொடங்கியதும் வயிற்றைப் பிசைந்தது. இரவு பத்து மணிக்குப் பார்த்தால், பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி வருகிறார். "கீழே அவளுக்குத் துணைக்கு மகள் வந்துவிட்டாள். எனக்கு இங்கேதான் தூக்கம் வரும்" என்றார். அவர் தூங்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

14ஆம் தேதி திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. இரண்டாம் வாசகம் யாக்கோபு ஐந்தாம் அதிகாரம்: பயிரிடுகிறவர் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருப்பதைப் போல, ஆண்டவரின் வருகைக்கு நீங்களும் காத்திருங்கள் என்பது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும் வாசகம். 2022இல் நம் கோயிலில் அதை வாசித்தவன் நான்தான். கணீரென்று வாசித்ததாகப் பாராட்டினீர்கள். இந்த முறை ரோஸ் நிற மெழுகுதிரி ஏற்றியதைப் பார்க்கவில்லை. நடைபாதையில் கைப்பேசியில் அந்த வாசகத்தைத் தேடியெடுத்து அந்தப் பாய்க்காரப் பெரியவருக்கு, அண்ணாச்சிக்கு, படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "முன்மாரி சரி. பின்மாரி அறுப்பு நேரத்தில் வந்தால் நெல்லெல்லாம் போச்சே?" என்றார். சிரித்துவிட்டேன், இரண்டு வாரத்தில் முதல் முறையாக. அந்த நாட்டில் நம் ஐப்பசியை ஒட்டி விதைப்புக்கு ஒரு மழை, பங்குனிவாக்கில் கதிர் முற்ற ஒரு மழை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தலையாட்டினார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவர் வயலில் மண்ணேறிப் பயிர் முழுவதும் போனதாம். மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, அடுத்த பிசான நெல் பருவத்துக்கு மறுபடி நட்டாராம். அவ்வளவுதான் சொன்னார், அதில் பெருமையோ புலம்பலோ இல்லை.

அன்றைய நற்செய்தியில் திருமுழுக்கு யோவானே சிறையிலிருந்து ஆளனுப்பி, வரவேண்டியவர் நீர்தானா, இல்லை இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார். யோவானுக்கே அப்படி என்றால் நான் எம்மாத்திரம்? இத்தனை நாளாகப் பொறுமை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நானே சம்பாதிக்க வேண்டிய புண்ணியம் என்று நினைத்திருந்தேன். எனக்கு அது வாய்க்கவே இல்லை. அண்ணாச்சியிடம் இரவல் வாங்கித்தான் அந்த நாட்களைக் கடத்தினேன். ஆண்டவர் அதைக் கணக்கில் சேர்ப்பாரா என்று பங்குத்தந்தைதான் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சியைச் சொல்லிவிட்டு மற்றவர்களை விட முடியுமா? மழையில் நனைந்து வந்து, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் தந்த பங்குத்தந்தைக்கும், முறைபோட்டுச் சோறு கொண்டுவந்த எங்கள் அன்பியத்து அக்கம்பக்கக் குடும்பங்களுக்கும், செபமாலை சொன்ன மரியாயின் சேனை என்ற பக்த சபைப் பெண்களுக்கும், கேட்டவுடன் ரத்தம் கொடுத்த மூன்று பழைய மாணவர்களுக்கும், கதவுக்குள் அவளைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்களுக்கும் நன்றி. எங்கள் வாசலில் மட்டும் நட்சத்திரம் இல்லையே என்று தாமே வாங்கிக் கட்டிய எதிர்வீட்டு அக்காவுக்கும், எங்கள் தெரு வந்ததும் டிரம்ஸை நிறுத்திவிட்டுப் பாடிப்போன கேரல் இளைஞர்களுக்கும் தனியாக ஒரு கும்பிடு.

அண்ணாச்சியின் பெயரை நான் கேட்கவே இல்லை. எங்களை வார்டுக்கு மாற்றிய மறுநாள் கீழே தேடிப்போனேன். காலையிலேயே ஊருக்குப் போய்விட்டார்களாம். வாசல் காவலாளி ஒரு பாயை எடுத்து நீட்டினார்: "உங்களிடம் கொடுக்கச் சொன்னார்."

மாதம் ஓர் இரவாவது அந்த நடைபாதையில் போய் உட்காருவதாகப் பொருத்தனை செய்திருக்கிறேன். புதிதாக வந்து, தூங்கப் பயந்து சுவரில் சாய்ந்திருக்கிற யாராவது இருப்பார்கள். உள்ளே இருப்பவர் பெயரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு அடியில் விரிக்க அந்தப் பாயை மகன் கேட்டான். கொடுக்கவில்லை. வைக்கோல் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

நன்றியுடன்,
உங்கள் வாசகர்