மருந்துக் கடையில் கிடைத்த பரிசோதனைக் குழாய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்கால நோய்ப் பரிசோதனைகள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததையும் நுண்ணோக்கியின் வளர்ச்சியையும் விரிவாக எழுதிய கட்டுரையாளர், அந்த அறிவு சாதாரண மக்களின் வீடுவரை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைத் தொடவே இல்லை. என்னைக் கேட்டால், அந்தப் பெருமை உள்ளூர்ச் சுகாதாரத் துறைகளுக்கே உரியது.

நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 1890-களில் செய்த ஏற்பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயையும் சாதாரணத் தொண்டைப் புண்ணையும் வெறும் பார்வையால் பிரித்தறிவது, கைதேர்ந்த மருத்துவருக்கும் எளிதன்று. அத்துறையின் மருத்துவர்களான ஹெர்மன் பிக்ஸ், வில்லியம் பார்க் ஆகியோரின் முயற்சியால், கிருமி வளர்க்கும் குழாயும் பஞ்சு சுற்றிய கம்பியும் அடங்கிய சிறு பெட்டிகள் நகரின் மருந்துக் கடைகளில் வைக்கப்பட்டன. மருத்துவர் அதை இலவசமாக வாங்கிச் சென்று, குழந்தையின் தொண்டையில் பஞ்சைத் தடவி, குழாயில் உறைந்திருக்கும் சீரத்தின் (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரின்) மேல் அதைத் தேய்த்து, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும். மாலையில் துறையின் ஆள் வந்து எடுத்துச் செல்வார், இரவு முழுவதும் உடற்சூட்டில் வைத்திருந்து கிருமியை வளர்ப்பார்கள், மறுநாளே மருத்துவருக்கு முடிவு தெரிந்துவிடும். நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரும் ஆய்வகத்துக்கு அலையவேண்டியிருக்கவில்லை. காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் அவ்வாறே கட்டணமின்றி நடந்தது.

இதை எல்லோரும் கைதட்டி வரவேற்கவில்லை என்பதும் உண்மை. காசநோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும் என்று 1897-இல் உத்தரவு வந்தபோது, தங்கள் தொழிலில் அரசு தலையிடுவதாக மருத்துவர்களே கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுடைய வருமானக் கவலை ஒருபுறம் இருக்க, நோயாளியின் அந்தரங்கம் குறித்து அவர்கள் எழுப்பிய கேள்வியை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

அதே துறைதான், டைபாய்டுக் கிருமியைச் சுமந்தும் தாம் நோயுறாதிருந்த சமையற்காரர் மேரி மாலனை 1907-இல் பிடித்துச் சென்று, தீவு ஒன்றில் தனிமைப்படுத்தியது. 1910-இல் விடுவிக்கப்பட்ட அவர், சமையல் வேலை செய்வதில்லை என்ற உறுதிமொழியை மீறியதால் 1915-இல் மீண்டும் அடைக்கப்பட்டு, 1938-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவருக்கு மாற்றுப் பிழைப்புக்கு நிலையான வழி எதையும் துறை செய்து கொடுக்கவில்லை.

இத்தொடர் மேலும் வெளிவருமானால், கருவிகளோடு இந்த ஏற்பாடுகளின் வரலாற்றையும், அவற்றில் அகப்பட்டுக்கொண்டவர்களின் நிலையையும் கட்டுரையாளர் எழுதவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்