மாத்திரை டப்பாவில் இருந்த பாபின்கள்

அடகில் இருந்த வீட்டுப் பத்திரம் நேற்று மதியம் கைக்கு வந்துவிட்டது. பேங்கிலிருந்து வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே நடந்தேன், பையில் வைக்க மனம் வரவில்லை. வீட்டில் இவரிடம் கொடுத்தேன். இடது கையால் வாங்கி, ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் சொல்லு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதனால்தான் இன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு நாள் கழித்து எழுதினால் அழகாக எழுதலாம், ஆனால் இப்போது மனசில் இருக்கிறது அப்போது இருக்குமா தெரியவில்லை.

போன ஆடியில் இவர் ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து எங்களுக்கு நடந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற முக்கால்வாசிப் பேர் அப்போது எங்கள் கூடவே இருந்தவர்கள். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாறி மாறிப் படுத்தவர்கள், வில்லுக்குறியில் என் பிள்ளைகளுக்கு இருபது நாள் சோறு போட்ட எதிர்வீட்டு மைனி, வண்டி வாடகை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்ட ஆட்டோ அண்ணன், சிட்டி (சீட்டு) பணத்தை முறை வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தூக்கிக் கொடுத்த பத்துப் பேர், ராத்திரி போன் பண்ணி ஒன்றுமே பேசாமல் லைனில் இருந்த என் சித்தி மகள். திங்கள்சந்தை மெக்கானிக் அண்ணன், என் பழைய மெஷினை இரண்டு தடவை கழற்றி மாட்டிவிட்டு எண்ணெய்க்கு மட்டும் காசு வாங்கினார். ஆஸ்பத்திரியில் யாரோ ஒருத்தர் பச்சை மூடி போட்ட தூக்குவாளியில் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார், யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. உங்கள் எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுத வேண்டும், எழுதாமல் போவதற்கு மன்னியுங்கள்.

இன்றைக்கு நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைப்பது தக்கலையில் இருக்கிற நம்ம தையல்கூடத்தைப் பற்றி, அதிலும் ஒரு ஆளைப் பற்றி.

தையல்கூடம் என்று நாங்கள்தான் சொல்கிறோம். பலகை கிடையாது. டீச்சர் வீட்டு மாடியில் ஓடு போட்ட ஒரு நீள அறை, ஆறு மெஷின், அதில் இரண்டுக்குத்தான் மோட்டார், மற்றது கால்மிதி. ரிட்டயர்டான தையல் டீச்சர் நடத்துகிறார்கள். வருகிறவர்கள் பன்னிரண்டு பதின்மூன்று பேர். யாருக்கும் பீஸ் இல்லை. வேலை வந்தால் எல்லாரும் பிரித்துத் தைப்போம், வந்த காசை நோட்டில் எழுதிப் பங்கு வைப்போம். ஐப்பசி மழையில் ஒருநாள் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தது எங்கள் தெருவில் இருக்கிற அக்கா. எனக்கு ஜாக்கெட், பாவாடை, தலையணை உறை தைக்கத் தெரியும், அவ்வளவுதான். குயில்ட் என்ற வார்த்தையையே அன்றைக்குத்தான் கேட்டேன்.

குயில்ட் என்றால் மூன்று அடுக்கு விரிப்பு. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த பக்கம், நடுவில் பஞ்சு, அடியில் ஒரே துணி, மூன்றையும் சேர்த்து மேலே ஓடுகிற தையல். கேட்க இவ்வளவுதான். உட்கார்ந்தால்தான் தெரியும். துண்டுகளைச் சேர்க்கும்போது ஓரம் கால் இஞ்ச் விட வேண்டும், ஒரு நூல் கூடினாலும் பத்துத் துண்டு சேர்ந்த பிறகு விரல் அகலத்துக்கு இழுத்துக்கொண்டு நிற்கும். டீச்சர் ஊசியிலிருந்து கால் இஞ்ச் அளந்து தட்டில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டார்கள், அதை உரசிக்கொண்டு துணி போக வேண்டும். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன்னால் அலசிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும், சிவப்பு சாயம் வெள்ளையில் ஏறும். பஞ்சுக்குப் பதிலாக நாங்கள் பழைய வேட்டியை, நன்றாகத் துவைத்து மெத்தென்று ஆனதை, நடுவில் வைப்போம். நம்ம ஊர் குளிருக்கு அது போதும், கனமும் இராது, கொடியில் போட்டால் சட்டென்று காயும். இதை டீச்சர் சொல்லிக்கொடுத்தது. எனக்கு இதுதான் சரி என்று தோன்றுகிறது, கடையில் விற்கிற தடிமனான பஞ்சுக்கு நான் மாற மாட்டேன்.

அப்புறம் மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, சுருக்கம் எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று என்று சேப்டி பின் குத்த வேண்டும். நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குத் தைக்க வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் துணி தள்ளிக்கொண்டே போய் நடுவில் கொப்புளம் மாதிரி நிற்கும். சாதாரண மெஷினில் அடியில் இருக்கிற பல் கீழ்த்துணியை இழுக்கும், மேல்துணி பின்தங்கும். அதற்கு வாக்கிங் ஃபுட் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மேலேயும் பல் உண்டு, இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் போகும். நேர்க்கோட்டுக்கு அது. பூ போடுவதற்கு பல்லை இறக்கிவிட்டு, கையாலேயே துணியை நகர்த்தித் தைக்க வேண்டும். கால் வேகமாகவும் கை மெதுவாகவும் போனால் தையல் பொடிப்பொடியாக விழும், கை வேகமாகப் போனால் தையல் எட்டி எட்டி விழும். இரண்டும் ஒத்துவர எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

அந்த ஒன்றரை மாதத்தில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

மெஷின் ஓடும்போது நான் நன்றாக இருந்தேன். நிஜமாகவே நன்றாக இருந்தேன், ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வேறு எதுவும் உள்ளே வராது. ஆனால் குயில்ட் தைக்கிறவர்களுக்குத் தெரியும், கீழ்நூல் எப்படித் தீரும் என்று. ஜாக்கெட்டுக்கு ஒரு பாபின், அதாவது கீழ்நூல் சுற்றின சின்ன உருளை, நாள் கணக்கில் வரும், இதற்குக் கண்ணை மூடித் திறப்பதற்குள் காலி. தீர்ந்தது தெரியாமல் ஒரு முழம் ஓட்டியிருப்பேன், திருப்பிப் பார்த்தால் மேலே நூல் சும்மா கிடக்கும், இழுத்தால் முழுதும் கையோடு வரும், துணியில் வரிசையாக ஊசி ஓட்டை மட்டும் இருக்கும். சரி, எழுந்து பாபின் சுற்ற வேண்டும். அந்த எழுந்திருக்கிற நேரத்தில்தான் எல்லாம் வந்து நெஞ்சில் ஏறும். ஆஸ்பத்திரி நெடி, டாக்டர் சொன்ன வார்த்தை, பத்திரம், பிள்ளைகள் பீஸ். பாபினைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே மாடிப்படிக்குப் போய்விடுவேன். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வர அரைமணி நேரம் ஆகும். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்கும் நன்றி.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் வந்து என் மெஷின் டிராயரைத் திறந்தேன், உள்ளே ஒரு மாத்திரை டப்பா. ஆஸ்பத்திரியில் தருவார்களே, வெள்ளை பிளாஸ்டிக், திருகு மூடி. அதில் பன்னிரண்டு பாபின், எல்லாம் நிறைய நிறையச் சுற்றி, நான் அன்றைக்குத் தைக்க வைத்திருந்த அதே சந்தன நிறத்தில். நூல் நுனியெல்லாம் ஒரே பக்கம் பார்த்து, ஒன்றோடு ஒன்று சிக்காமல் இருந்தது. டீச்சர்தான் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் போகும்போது அதில் ஒன்பது காலி. அன்றைக்கு நான் ஒரு தடவைகூட வெளியே போகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

மறுநாள் டப்பா மறுபடியும் நிறைந்திருந்தது. அதற்கு மறுநாளும். நீலம் தைத்தால் நீலம் இருக்கும், சிவப்பு தைத்தால் சிவப்பு. டீச்சரிடம் நன்றி சொன்னேன், "எதுக்கு?" என்று முழித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் சீக்கிரம் என்பதால் நானும் எட்டே காலுக்கே தக்கலையில் இறங்கிவிட்டேன். கூடம் பத்து மணிக்குத்தான். மாடியில் சத்தம் கேட்டது. உள்ளே கோட்டாறு மாமி, தனியாக, என் மெஷினுக்கு முன்னால்.

மாமியை உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். எழுபது வயது தாண்டியாயிற்று, முட்டுவலி, அதனால் மிதிக்க முடியாது. கூடத்தில் அவர்களுக்குக் கைவேலைதான், பட்டன், ஹெம்மிங், பின் குத்துவது. அதிகம் பேச மாட்டார்கள். அந்த மாமி சக்கரத்துக்கு நடுவில் இருக்கிற திருகைத் தளர்த்திவிட்டு, பாபினை மேலே மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டு இருந்தார்கள். மிதித்துச் சுற்றினால் ஒரு நிமிஷ வேலை. கையால் சுற்றினால் ஒரு பாபினுக்கு எவ்வளவு நேரம், பன்னிரண்டுக்கு எவ்வளவு நேரம் என்று நீங்களே பாருங்கள். இடது கை ஆள்காட்டி விரலால் நூலை லேசாக அழுத்தி, மேடு பள்ளம் இல்லாமல் பரவவிட்டுக்கொண்டே, வலது கையால் சுற்று. விரலில் நூல் ஓடிய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. நான் வாசலில் நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் என்னமோ சொல்ல ஆரம்பித்தேன், வாய் வரவில்லை. மாமி திரும்பிப் பார்த்துவிட்டு, சக்கரத்தை நிறுத்தாமலே சொன்னார்கள்: "கரையாண்டாம் (அழ வேண்டாம்) மக்கா. நூலு தீரும்போதெல்லாம் நீ எந்திச்சு வெளிய போற. அதான், தீராண்டாம்னு வச்சேன்."

அப்புறம் ஒருநாள் சாயா குடிக்கும்போது கேட்டேன், இது எப்படித் தோன்றியது என்று. மாமியின் அம்மா லேஸ் பின்னுகிறவர்களாம். நாகர்கோவிலுக்கு லேஸ் வந்த கதை பழையது, 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தது. அதற்கு மெஷின் கிடையாது, ஒரு தலையணை, அதில் குத்தின குண்டூசிகள், நூல் சுற்றின மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாக. அந்தக் குச்சிக்கும் பாபின் என்றுதான் பெயர். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் அம்மாவுக்குக் குச்சியெல்லாம் நூல் சுற்றிவைத்துவிட்டுப் போவது மாமியின் வேலையாம். "அம்மைக்குச் செய்யதுதான், கை மறக்கல்ல" என்றார்கள். அவ்வளவுதான் விளக்கம். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் பட்டன் தைக்கப் போய்விட்டார்கள்.

மாமி, உங்களுக்கு முகத்துக்கு நேரே இதைச் சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள், அதனால் இங்கே சொல்கிறேன். எனக்குப் பணம் கொடுத்தவர்கள் உண்டு, சோறு கொடுத்தவர்கள் உண்டு, அவர்கள் எல்லாரும் எனக்குத் தெய்வம் மாதிரி. ஆனால் நான் எந்த நிமிஷத்தில் உடைகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்து, அந்த நிமிஷத்தையே எனக்கு வராமல் செய்தது நீங்கள்தான். அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தீர்கள். கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கூடத்துக்கு 24 குயில்ட் விரிப்பு தைக்க ஒரு ஆர்டர் தை மாதம் வந்தது. எனக்கு அதைச் செய்ய முடியும் என்று என்னைவிட டீச்சர்தான் நம்பினார்கள். டிசைனுக்கு எங்கள் எல்லாரையும் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், திங்கட்கிழமை அங்கே லீவு, அதனால் செவ்வாய்க்கிழமை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது போனதுதான். பூமுகம் என்கிற முன் மண்டபத்தில், தொங்குகிற குதிரை விளக்குக்கு மேலே மரத்தில் செதுக்கின பூக்கள், மொத்தம் 90, ஒன்று மாதிரி ஒன்று இருக்காது என்று அங்கே இருந்தவர் சொன்னார். கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்து நோட்டில் வரைந்தோம். அதில் ஆறு பூவைத் தேர்ந்தெடுத்து, நான்தான் மெஷினில் போட்டேன். வெட்டினது, சேர்த்தது, பின் குத்தினது எல்லாம் கூடத்தில் மற்றவர்கள் கை. கடைசி விரிப்பு போன வாரம் போனது. பத்திரத்தின் கடைசித் தவணை அந்தப் பணம்.

ஒன்று மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தேன், தையல் பிசகி ஒதுக்கினது. இவர் அதன்மேல்தான் மத்தியானம் படுக்கிறார். நல்ல கை விரலால் பூவின் தையல் மேலேயே சுற்றிச் சுற்றி வருவார், டாக்டர் சொன்ன பயிற்சியைவிட அதை ஒழுங்காகச் செய்கிறார். போன வாரம் வலது கையையும் அதன்மேல் தூக்கி வைத்தார்.

வருகிற புதன்கிழமை கூடத்துக்குக் குறும்பனையிலிருந்து ஒரு பிள்ளை புதிதாக வருகிறது. அவளுக்கு என்ன நடந்தது என்று எனக்கும் கொஞ்சம் தெரியும், நான் கேட்கப் போவதில்லை. மூன்றாவது மெஷின் அவளுக்கு. நான் இனிமேல் எட்டே கால் பஸ்ஸிலேயே வருவேன், இதை எல்லாருக்கும் முன்னால் எழுதி வைக்கிறேன், நாளைக்கு மழை என்றோ தலைவலி என்றோ நான் சாக்குச் சொல்லக்கூடாது. மாமி முட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு பத்து மணிக்கு மெதுவாக வந்தால் போதும். எனக்கு மிதிக்க முடியும், பன்னிரண்டு பாபின் எனக்குக் கால்மணி நேரம்.

அப்புறம் அந்தத் தூக்குவாளி. பச்சை மூடி, கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும், அடியில் ஆணியால் ஒரு எழுத்து கீறியிருக்கிறது, தேய்ந்துபோய் 'ச' மாதிரியும் தெரிகிறது, 'க' மாதிரியும் தெரிகிறது. கழுவித் துடைத்து அடுக்களை ஷெல்ப்பில் வைத்திருக்கிறேன். உங்களுடையது என்றால் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.