ஒரு மருந்து போதாதா?

அன்புள்ள அத்தைக்கு,

"மார்புல இருந்த புற்றுநோய்க் கட்டியைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்குடி மூணு மருந்து? ஒண்ணு போதாதா?" என்று நேற்று போனில் கேட்டீர்கள். சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கோரை பிடுங்கிப் பழகிய கை உங்களுடையது. மேலே பிடுங்கினாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும், இல்லையா? அதுபோல ஸ்கேனில் தெரியாத செல்கள் உடம்பில் எங்காவது தங்கியிருக்கலாம். எல்லாம் ஒரே ரகமும் இல்லை. ஒரு மருந்துக்குத் தப்பியது இன்னொன்றில் மாட்டும். 1973இல் இத்தாலியின் மிலான் நகரில் பொனடோனா என்ற மருத்துவரின் குழு, மார்பகப் புற்றுநோய் அக்குள் நெறிக்கட்டி வரை போயிருந்த பெண்களுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. 1976இல் முதல் முடிவு வந்தது. மருந்து எடுக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது, எடுத்தவர்களில் 5.3 சதவீதம்தான். இன்று மருந்துகள் மாறிவிட்டன, யோசனை அதேதான்.

உங்கள் சீட்டில் இருப்பது எனக்குக் கொடுத்த அதே வரிசை. நாலு சுற்று டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும், பிறகு நாலு சுற்று பாக்லிடாக்சல்.

டாக்சோரூபிசின் குங்குமம் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரிஞ்சை மெல்ல அழுத்துவார். நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும், அதனால் அந்த இடம் எரிந்தால் உடனே சொல்லுங்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்து திட்டு வாங்கினேன்! வாய்ப்புண் வராமலிருக்க எனக்கு ஐஸ் துண்டு கொடுத்தார்கள், நீங்களும் கேட்டுப் பாருங்கள். ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். அதற்கு மேலும் போனால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இதயத்தைக் கொஞ்சம் பாதிக்கக்கூடிய மருந்து இது, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னது அதற்குத்தான்.

முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். எனக்குத் தலையணையெல்லாம் முடி. அழுதேன், மறுநாள் மொட்டையடித்துக்கொண்டேன்.

முடியை விடுங்கள், காய்ச்சல்தான் முக்கியம். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் இந்த மருந்துகளால் இறங்கியிருக்கும்போது 100.4 டிகிரி தொட்டாலே ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கஷாயம் வைத்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

பாக்லிடாக்சலில் விரல் நுனி மரத்துப்போகும். எனக்குப் பூ கட்ட வராமல் போய், மெல்ல மெல்லத்தான் திரும்பியது.

செவ்வாய்க்கிழமை வருகிறேன். தெர்மாமீட்டர் நான் வாங்கி வருகிறேன், மாமாவை அலையவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்