ஓப்பல் நிலத்தில் ஒரு மாலை: ரூர் பல்கலைக்கழகத்துக்குத் திறந்த மடல்

போஹும் ரூர் பல்கலைக்கழக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நான் ஜெர்மனியின் இந்தப் போஹும் நகரில் குடியிருக்கும் தமிழன். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓப்பல் கார் ஆலையில் வேலை பார்த்தவர். போன மாதம் அவரோடு, ஆலை இருந்த லேர் பகுதிப் பக்கம் நடந்துபோனேன். அந்த நிலத்தில் இப்போது உங்கள் ஆய்வுக் கட்டடங்கள் நிற்கின்றன. ஒரு கண்ணாடிச் சுவர் முன்னால் நின்றவர், இரண்டு கைகளையும் அகல விரித்து, "இங்கேதான் கதவு மாட்டுவோம்" என்றார். கதவின் அளவை அந்தக் கைகள் இன்னும் மறக்கவில்லை. அப்புறம், "இப்போது உள்ளே என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நிலத்தின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1958இல் டன்னன்பௌம் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. 1962இல் அங்கே ஓப்பல் வந்தது. ஒரு காலத்தில் இருபதாயிரம் பேருக்குச் சோறு போட்ட ஆலை. 2014 டிசம்பரில் கடைசிக் காரும் வெளியே போனது.

நீங்கள் வந்ததும் அப்படி ஒரு காலத்தில்தான். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தபோது, 1965இல், மேற்கு ஜெர்மனி புதிதாகக் கட்டிய முதல் பல்கலைக்கழகமாகத் திறந்தீர்கள். சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, வீட்டிலிருந்தே போய்ப் படிக்கலாம் என்ற நிலை வந்தது. இந்த ஊருக்கு நீங்கள் செய்ததில் அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்குத் திறந்த கதவு பெற்றவர்களுக்கும் திறக்க வேண்டும். அந்த நிலத்தில் மாதம் ஒரு மாலை ஒதுக்குங்கள். ஆய்வாளர்கள் தங்கள் வேலையை எளிய ஜெர்மனில் சொல்லட்டும். பழைய தொழிலாளர்களும் பேசட்டும், வெறும் பார்வையாளர்களாக அல்ல. எந்த இயந்திரம் எந்தச் சத்தம் போட்டால் பழுது என்று காதால் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். பொறியியல் மாணவருக்கு அது பாடம் இல்லையா? துருக்கியிலிருந்து வந்து இங்கே உழைத்தவர்களுக்காக மொழிபெயர்க்க ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

டன்னன்பௌமின் பழைய குழிகளில் தேங்கிய நீரைக்கொண்டே அங்கே எழும் கட்டடங்களைச் சூடாக்கும் வேலை நடக்கிறது. சுரங்கத்துத் தண்ணீருக்கே அங்கே இடம் இருக்கிறது. அந்த மனிதர்களுக்கு ஒரு மாலைப் பொழுதும் நாற்காலியும் போதும். தள்ளிப்போடாதீர்கள், அவர்களுக்கு வயதாகிறது.

இந்த மடலை எழுதப்போகிறேன் என்று பெரியவரிடம் சொன்னேன். சரி, எந்தக் கிழமை என்று கேட்கிறார்.

அன்புடன்,
லேர் பக்கத்து வாசி ஒருவன்